இயந்திரப் போரும் மனித ஐயமும்: 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' படக்கதை குறித்து

'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் 1984 முதல் 1991 வரை 80 இதழ்களாக வெளியிட்ட படக்கதைத் தொடர். சைபர்ட்ரான் என்ற இயந்திரக் கோளில் தொடங்கிய உள்நாட்டுப் போர் பூமிக்கு வந்து சேர்வதே இதன் கதை. ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் பொம்மைகளை விற்பதற்காகத் தொடங்கப்பட்ட இத்தொடர், இன்று பெரும்பாலும் ஆப்டிமஸ் பிரைமுக்கும் மெகட்ரானுக்கும் நடக்கும் சண்டைக்காகவே நினைவுகூரப்படுகிறது. ஆயினும் இதன் முதல் இரண்டாண்டு இதழ்களில் கவனத்துக்குரியது அந்தச் சண்டை நடக்கும் நிலத்தில் வாழும் மனிதர்களின் ஐயம். தங்களுக்குத் தொடர்பில்லாத போரில் சிக்கிய மனிதர்கள் நல்ல இயந்திரத்தையும் கெட்ட இயந்திரத்தையும் எவ்வாறு பிரித்தறிவது என்ற கேள்வியை இத்தொடர் எழுப்பியது. அதற்கு முழு விடை காண அதனால் இயலவில்லை.

கதையும் பின்னணியும்

முதல் நான்கு இதழ்கள் குறுந்தொடராகத் திட்டமிடப்பட்டவை. பில் மாண்ட்லோ, ரால்ஃப் மாச்சியோ, ஜிம் சாலிக்ரப் ஆகியோர் எழுத, ஃபிராங்க் ஸ்பிரிங்கர் முதல் இதழை வரைந்தார். விற்பனை நன்றாக இருந்ததால் தொடர் நீண்டது. ஐந்தாம் இதழ் முதல் பாப் புடியான்ஸ்கி எழுதினார். இறுதிக் கட்டத்தை எழுதியவர் பிரிட்டனைச் சேர்ந்த சைமன் ஃபர்மன்.

ஆட்டோபாட்டுகள் அமைதியை விரும்புபவை. டிசெப்டிகான்கள் ஆதிக்கத்தை விரும்புபவை. இரு தரப்பும் வந்த கப்பல் 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பூமியில் மோதிப் புதைகிறது. 1984இல் எரிமலைச் சீற்றத்தால் கப்பலின் கணினி விழித்து, உள்ளே கிடந்தவற்றைப் பூமியின் வாகனங்களாகவும் ஆயுதங்களாகவும் உருமாறும் வகையில் திருத்தியமைக்கிறது. இந்த ஏற்பாட்டிலேயே ஐயத்தின் விதை இருக்கிறது. பகைவன் வேற்றுருவில் வரவில்லை. தெருவில் நிற்கும் காராகவும் மேசைமேல் இருக்கும் ஒலிநாடாப் பெட்டியாகவும் வருகிறான். காப்பாற்ற வருபவனும் அதே உருவில்தான் வருகிறான்.

பட்டறைக்காரரின் ஐயம்

தொடரின் முதல் மனிதப் பாத்திரங்கள் கார் பழுதுபார்க்கும் பட்டறை நடத்தும் ஸ்பார்க்பிளக் விட்விக்கியும் அவர் மகன் பஸ்டரும். அடிபட்ட மஞ்சள் கார் ஒன்றைப் பஸ்டர் பட்டறைக்குக் கொண்டுவருகிறான். அது பேசுகிறது. மகன் உடனே நட்பாகிவிடுகிறான், தந்தை தயங்குகிறார். ஆட்டோபாட்டுகளுக்கு எரிபொருள் தேவை. பூமியின் பெட்ரோலை அவற்றுக்கு ஏற்றபடி மாற்றித்தரும் திறன் ஸ்பார்க்பிளக்கிடம் இருக்கிறது. டிசெப்டிகான்கள் அவரைக் கடத்திச் சென்று தங்களுக்கு எரிபொருள் தயாரிக்க வைக்கின்றன.

இங்கே ஐயம் இரு திசையிலும் செல்கிறது. அவர் பகைவனுக்கு உதவிவிட்டார் என ஆட்டோபாட்டுகள் சந்தேகிக்கின்றன. அவரோ அந்த எரிபொருளில் கலப்படம் செய்திருக்கிறார். அதை விளக்கிச் சொல்வதற்குள் மாரடைப்பு வருகிறது. போரின் போக்கை மாற்றியவர் ஒரு பட்டறைத் தொழிலாளி என்பதும், அவருடைய ஆயுதம் தொழிலறிவு மட்டுமே என்பதும் இக்குறுந்தொடரின் சிறந்த கற்பனை. நம்பிக்கை வேண்டும் என்று கேட்கும் வல்லமை மிக்கவர்கள், தாங்கள் எளியவரை நம்பினார்களா என்ற கேள்வியும் இதில் அடங்கியிருக்கிறது.

சிவகாசியின் இரும்பு மனிதன்

இக்கதை தமிழ் வாசகருக்கு ஏன் புதியது என்பதை அறிய அதே ஆண்டின் சிவகாசியைப் பார்க்கலாம். 1972 முதல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்துகொண்டிருந்தது. இரும்புக்கை மாயாவியைத் தமிழில் புகழ்பெறச் செய்தது அதுதான். 1984 ஜூலையில் அதே ஊரிலிருந்து எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ் தொடங்கியது. விருதுநகரிலிருந்து தென்காசி செல்லும் ரயில் பாதையில் சிவகாசிக்கு அடுத்த பெரிய ஊர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும். தமிழ்ப் படக்கதை அச்சாகும் ஊருக்கு இவ்வளவு அருகில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு ரோபோ என்றால் முதலில் நினைவுக்கு வருவது லயன் காமிக்ஸின் ஆர்ச்சி. வாசகர்கள் செல்லமாக வைத்த பெயர் 'சட்டித்தலையன்'.

ஆர்ச்சி பிரிட்டனின் 'லயன்' வார இதழில் 1952இல் தோன்றியவன். ஈ. ஜார்ஜ் கோவன் எழுதியது. டெட் ரிட்சி, கென் டேல் என்ற இரு நண்பர்கள் அவனைத் தொலைவிலிருந்து இயக்கினர். பிற்காலக் கதைகளில் அவனுக்குச் சொந்தக் குரலும் தற்பெருமையும் வந்தன. தமிழ் வாசகர் விரும்பியது இந்தத் தற்பெருமையைத்தான். வாய் ஓயாமல் தன் புகழ் பாடிக்கொண்டே பகைவனைத் தூக்கி எறியும் இரும்பு மனிதன், கிராமத்துக் கூத்தில் வரும் கட்டியங்காரனை நினைவூட்டுபவன்.

ஆனால் ஆர்ச்சிக்கு உரிமையாளர்கள் உண்டு. அவனைச் செய்தவர் யார், இயக்குபவர் யார் என்பது வாசகருக்குத் தெரியும். அவனை நம்பலாமா என்ற கேள்வி பெரிதாக எழுவதில்லை. அவனைக் கண்டு அஞ்சுவோர் பகைவர்கள், அல்லது இன்னும் அவனை அறியாதவர்கள். டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு மனித உரிமையாளர் இல்லை. அவற்றின் நன்மைக்கு உறுதி சொல்ல அவற்றைத் தவிர வேறு யாரும் இல்லை. ஆர்ச்சி கதையின் இன்பம் உறுதியிலிருந்து வருகிறது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதையின் பதற்றம் அந்த உறுதி இல்லாமையிலிருந்து வருகிறது.

சர்க்யூட் பிரேக்கர்

அந்தப் பதற்றத்தின் உச்சம் ஜோசி பெல்லர் என்ற பாத்திரம். ஜி.பி. பிளாக்ராக் என்ற தொழிலதிபரிடம் பணிபுரியும் திறமையான பொறியாளர் அவர். அவருடைய தானியங்கிப் பாதுகாப்பு அமைப்பு பொருத்தப்பட்ட கடல் எண்ணெய் மேடையை டிசெப்டிகானான ஷாக்வேவ் தாக்கிக் கைப்பற்றுகிறது. ஜோசியின் உடல் பெரும்பாலும் செயலிழக்கிறது. மருத்துவமனையில் கிடந்தபடியே மின்சுற்றுகளால் ஆன ஒரு மேலுறையைத் தனக்கென வடிவமைக்கிறார். அதன் துணையால் நடக்கவும் பறக்கவும் மின்னலைப் பாய்ச்சவும் முடிகிறது. 'சர்க்யூட் பிரேக்கர்' என்ற பெயருடன் எல்லா ரோபோக்களையும் அழிக்கப் புறப்படுகிறார்.

'எல்லா' என்பதுதான் அவருடைய குற்றமாகக் கதையில் காட்டப்படுகிறது. ஆட்டோபாட்டுகள் நல்லவை என வாசகருக்குத் தெரியும். ஆகவே அவருடைய கோபம் குருட்டுத்தனமாகத் தோன்றுகிறது. வாசகருக்குத் தெரிந்தது அவருக்குத் தெரிய வழியே இல்லை என்பதைக் கதை அடிக்கடி மறந்துவிடுகிறது. ஓர் இயந்திரம் அவர் உடலைச் சிதைத்தது. அதே இனத்தைச் சேர்ந்த இன்னோர் இயந்திரம் வந்து தான் வேறு கட்சி என்கிறது. தரப்பைக் காட்டுவது மார்பில் உள்ள ஒரு சின்னம். இந்நிலையில் ஐயம் அறிவீனம் ஆகாது. சாட்சியம் இல்லாதபோது எச்சரிக்கையாக இருப்பதுதான் அது.

புடியான்ஸ்கிக்கு இந்த நியாயம் ஓரளவு புரிந்திருந்தது. 1986இல் வந்த 23ஆம் இதழில், தான் சிறைப்பிடித்த ஆட்டோபாட்டுகளோடு சர்க்யூட் பிரேக்கர் ஓர் உடன்பாட்டுக்கு வருகிறார். பொதுச் சின்னங்களைக் கிறுக்கி நாசம் செய்யும் இரண்டு டிசெப்டிகான்களைத் தடுக்க அவை உதவினால் விடுதலை. அவை உதவுகின்றன. அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார். அதனால் அரசுப் பணியை இழக்கிறார். வெறுப்பு இன்னும் போகவில்லை, ஆயினும் வாக்கு மீறவில்லை. நம்பிக்கை என்பது மனமாற்றமாக வரவேண்டியதில்லை, ஒப்பந்தமாகவும் வரலாம் என்று காட்டும் இப்பகுதி தொடரின் முதிர்ந்த இடம்.

இப்பாத்திரத்தின் குறையையும் சொல்லவேண்டும். உடல் சிதைந்த ஒரு பொறியாளரை, வெள்ளி மின்சுற்றுகள் தவிர வேறு ஆடையற்றவராக ஓவியர்கள் வரைந்தனர். எழுத்து அவருடைய வலியைச் சொல்லும்போது ஓவியம் வேறொன்றைக் காட்டுகிறது. இந்த முரண் பாத்திரத்தின் கனத்தைக் குறைக்கிறது.

அரசு சொல்லும் கதை

15ஆம் இதழில் ஐயத்துக்கு இன்னொரு முகம் வருகிறது. வேற்றுக்கோள் இயந்திரங்கள் வந்துவிட்டன என்றால் மக்கள் பீதியடைவார்கள் என்று அரசு முகமை ஒன்று அஞ்சுகிறது. டோனி ஃபிங்கிள்பெர்க் என்ற படக்கதை எழுத்தாளரைப் பணம் கொடுத்து அமர்த்தி, ரோபோக்களை எல்லாம் இயக்கும் மனித வில்லனாகத் தொலைக்காட்சியில் நடிக்க வைக்கிறது. புரியாத அச்சத்துக்குப் பழகிய ஒரு முகத்தைத் தருவதே நோக்கம். மக்களின் அவநம்பிக்கை இயல்பாக வளர்ந்ததல்ல, வளர்க்கப்பட்டது என்பதை ஒரு படக்கதையே ஒப்புக்கொள்வது துணிச்சலானது. பொய்யைப் புனைபவர் படக்கதை எழுத்தாளர் என்பதில் தன்னையே பார்த்துச் சிரிக்கும் குணமும் உண்டு.

ஏறக்குறைய அதே காலத்தில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' இதற்கு நெருக்கமான கற்பனை. அங்கே நாட்டை ஆளும் ஜீவா வெறும் ஒளிப்பிம்பம். நாயகி நிலாவுக்குத் துணையாவது ஜீனோ என்ற இயந்திர நாய். மனிதர்கள் காட்டும் பிம்பம் பொய்யாகவும் இயந்திரம் நம்பத் தகுந்ததாகவும் இருக்கும் தலைகீழ் நிலையை இரண்டு படைப்புகளும் கையாள்கின்றன. ஜீனோ நிலாவின் நம்பிக்கையைப் படிப்படியாகச் சம்பாதிக்கிறது. ஆட்டோபாட்டுகளுக்கு அந்த அவகாசம் தரப்படவில்லை. புதிய பொம்மைகளை அறிமுகம் செய்யவேண்டிய கட்டாயம் கதையை வேகமாகத் தள்ளிக்கொண்டே இருந்தது.

தறியூரிலிருந்து ஒரு வாசிப்பு

ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். அருகிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் விசைத்தறிகள் மிகுதி. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கைத்தறி நெசவு நீண்ட காலமாக இருந்துவருவது. இயந்திரத்தின் மீதான ஐயம் இந்த ஊர்களுக்குக் கற்பனை விஷயமன்று. 1985இல் இந்திய நாடாளுமன்றம், குறிப்பிட்ட துணிவகைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கி அவற்றை விசைத்தறியில் நெய்யத் தடைவிதிக்க வழிசெய்யும் சட்டத்தை இயற்றியது. ஜோசி பெல்லர் படக்கதைக்குள் வந்த அதே ஆண்டு அது.

கைத்தறி நெசவாளரின் ஐயம் விசைத்தறி நல்லதா கெட்டதா என்பதைப் பற்றியதன்று. தறி யாருடையது, அது ஓடினால் கூலி யாருக்குக் குறையும் என்பதைப் பற்றியது. இந்தக் கண்ணோடு படிக்கும்போது டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதையின் பெரிய மௌனம் தெரிகிறது. ஜோசிக்கு நேர்ந்தது, வேறு வகையில் பார்த்தால், பணியிடத்தில் நேர்ந்த விபத்து. முதலாளி பிளாக்ராக்குக்கு எண்ணெயும் ஆலைகளும் உண்டு. அவர் தம் ஆலைகளின் பாதுகாப்புக்காக ஆட்டோபாட்டுகளுடன் கைகோத்து எரிபொருள் தருகிறார். கதை அவரைத் தெளிவுள்ளவராகவும் ஜோசியைத் தெளிவிழந்தவராகவும் வைக்கிறது. இழக்க எதுவும் இல்லாதவருக்கு நம்புவது எளிது, இழந்தவருக்கு அரிது. இந்த வேறுபாட்டைக் கதை தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. எரிபொருள் யாருடையது, போர் முடிந்ததும் யாருக்கு இழப்பீடு என்ற கேள்விகளை எவரும் எழுப்புவதில்லை.

மதிப்பீடு

இத்தொடரில் ரோபோக்கள் ஒவ்வொன்றும் ஒரு விற்பனைப் பொருள். அவற்றின் பெயர், குணம், நிறம் யாவும் கடைக்காக அமைந்தவை. மனிதப் பாத்திரங்கள் அவ்வாறு பொம்மைகளாக விற்கப்படவில்லை. ஸ்பார்க்பிளக், ஜோசி, டோனி ஆகியோரிடம் எழுத்தாளருக்கு அதிகச் சுதந்திரம் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அவர்கள் எளிதாகக் கைவிடப்பட்டதற்கும் இதுவே காரணமாகலாம். புதிய பொம்மைகள் வரவர மனிதர்களுக்கு இடம் குறைந்தது. சர்க்யூட் பிரேக்கர் நீண்ட காலம் மறைந்து, ஃபர்மனின் இறுதிக் கட்டத்தில்தான் திரும்பி வருகிறார்.

ஆர்ச்சியை நேசித்த வாசகருக்கு இத்தொடர் தரக்கூடியது ஆர்ச்சியைவிட வலிமையான ரோபோக்களை அன்று. சட்டித்தலையன் கதவை உடைத்துக்கொண்டு நுழையும்போது, கதவுக்குச் சொந்தக்காரர் என்ன நினைத்திருப்பார் என்று யோசிக்க இது கற்றுத்தருகிறது. அந்தச் சொந்தக்காரரின் கதையை முழுதாகச் சொல்லும் பொறுமை இதற்கு இல்லை. ஆனால் அவர் ஒருவர் இருக்கிறார் என்பதை இது மறக்கவிடுவதில்லை.