302 நரம்பணுக்களும் ஒரு தலைப்பும்

பல்குத்தும் குச்சியின் நுனியில் ஓர் இமைமயிர் ஒட்டப்பட்டிருக்கிறது. உருப்பெருக்கியின் அடியில், அகர் கூழ் ஊற்றிய தட்டில், ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு நெளிகிறது. இமைமயிரால் தலைப்பக்கம் மெல்ல வருடினால் பின்வாங்குகிறது. வால்பக்கம் வருடினால் முன்னே ஓடுகிறது. சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்ற இந்தப் புழுவை வளர்க்கும் ஆய்வுக்கூடங்களில் இந்தக் குச்சி இன்றும் கருவிதான். தொட்டதும் விலகும் இந்தச் சின்னச் செயலைத் தோலிலிருந்து தசைவரை ஒவ்வொரு நரம்பணுவாகப் பெயர் சொல்லி விளக்கிவிடலாம். நரம்பியல் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளக்கூடிய விளக்கங்களில் இது ஒன்று.

அந்தப் பெருமைக்கு அடித்தளம், 1986இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளிவந்த 340 பக்கக் கட்டுரை. எழுதியவர்கள் ஜான் வைட், ஐலீன் சவுத்கேட், நிக்கல் தாம்சன், சிட்னி பிரென்னர். அதன் முழுத் தலைப்பு அடக்கமானது: அந்தப் புழுவின் நரம்பு மண்டலத்தின் அமைப்பு. பக்கங்களின் தலையில் ஓடும் குறுந்தலைப்புக்கு அந்த அடக்கம் இல்லை. 'ஒரு புழுவின் மனம்' என்கிறது அது.

அமைப்பைக் காட்டியவர்கள் மனத்தைக் காட்டிவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாமா? இங்கே எடைபோடப் போவது அந்தக் குறுந்தலைப்பைத்தான். விளையாட்டாக வைத்த பெயராகவே இருக்கட்டும். அதற்குப் பின் வந்த பல மூளை வரைபடத் திட்டங்களும், இணைப்புகள் முழுதும் தெரிந்துவிட்டால் நடத்தை புரிந்துவிடும் என்ற அதே நம்பிக்கையின் மேல்தான் பணமும் ஆட்களும் திரட்டியிருக்கின்றன.

முதலில் உழைப்பின் அளவைப் பார்ப்போம். எண்ணி முடிக்கக்கூடிய அளவுக்குச் செல்கள் கொண்ட எளிய உயிர் ஒன்று வேண்டும் என்று 1963இல் பிரென்னர் எழுதினார். கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் அந்த உயிராக இந்தப் புழு அமைந்தது. ஒரு மில்லிமீட்டரை 20,000 பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு மெல்லிய சீவல்களாகப் புழுவைச் சீவினார்கள். ஒவ்வொரு சீவலையும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுத்தார்கள். இந்தப் படத்தில் உள்ள புள்ளி அடுத்த படத்தில் எது, அதற்கடுத்ததில் எது என்று பேனாவால் குறியிட்டுக் குறியிட்டு ஒவ்வொரு இழையையும் கையாலேயே பின்தொடர்ந்தார்கள். பல ஆண்டு வேலை. முடிவில் கிடைத்த கணக்கு: 302 நரம்பணுக்கள், 118 வகைகள், வேதிப்பொருளால் செய்தி கடக்கும் சுமார் 5,000 சினாப்ஸுகள், நரம்பும் தசையும் சேரும் 2,000 இடங்கள், மின்சாரம் நேரடியாகக் கடக்கும் 600 இணைப்புகள். ஒரு விலங்கின் முழு நரம்பு மண்டலமும் இணைப்பு இணைப்பாகப் படமானது அதுவே முதல் தடவை.

வேலை என்ற அளவில் இதில் குறை சொல்வது கடினம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் நிறுத்திக் கேட்கலாம். இந்த அமைப்பு அடிப்படையில் மாறாதது என்கிறது கட்டுரை. ஆனால் படம் ஒரே புழுவினுடையது அல்ல. சில புழுக்களின் பகுதிகளைச் சேர்த்து ஒட்டியது. வெவ்வேறு வயதில் இருந்த, ஒரே மரபணு கொண்ட எட்டுப் புழுக்களின் மூளைகளை 2021இல் இன்னொரு குழு முழுதாகச் சீவிப் பார்த்தது. மூளையின் மொத்த வடிவம் மாறவில்லை. இணைப்புகள் வயதோடு மாறின, ஆளுக்கு ஆளும் கணிசமாக வேறுபட்டன. ஆக, 1986இன் படம் புழு இனத்தின் பொது வரைவே தவிர எந்தத் தனிப் புழுவின் உருவப்படமும் அல்ல. சிறிய திருத்தம்தான், ஆனாலும் 'ஒரு புழுவின்' என்ற சொல் இங்கேயே ஆட்டம் காண்கிறது.

இனி 'மனம்'. அந்தச் சொல்லுக்கு ஆதரவாக நிற்கும் சான்றுகள் வலுவானவை.

இமைமயிர்ச் சோதனையையே எடுத்துக்கொள்வோம். மார்ட்டின் சால்ஃபியும் இந்தப் படத்தை உருவாக்கியவர்களும் சேர்ந்து 1985இல் அதன் சுற்றை வெளியிட்டார்கள். மென்மையான தொடுகையை உணர ஆறு நரம்பணுக்கள். தலைப்பக்கத்தவை பின்னோக்கி நகர்த்தும் கட்டளை நரம்பணுக்களோடும், வால்பக்கத்தவை முன்னோக்கி நகர்த்துபவற்றோடும் இணைகின்றன. லேசரால் தலைப்பக்க உணர்விகளைச் சுட்டுவிட்டால், தலையில் தொட்டாலும் புழு அசையாது. வாலில் தொட்டால் வழக்கம்போல ஓடும். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதைச் சுட வேண்டும் என்று தேர்ந்தெடுத்தார்கள். படம் சொன்னபடியே நடந்தது.

இதைவிட அழகான சான்று 1997இல் கோரி பார்க்மனின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. வெண்ணெய் மணத்துக்குக் காரணமான டைஅசிட்டைலைப் புழு நாடிப் போகும். அந்த மணத்தைப் பிடிக்கும் ஏற்பிப் புரதம், விரும்பியவற்றை நோக்கி நடத்தும் ஒரு நரம்பணுவில் இருக்கிறது. அதே ஏற்பியை, வெறுப்பவற்றிலிருந்து விலக்கும் வேறொரு நரம்பணுவில் மட்டும் இருக்கும்படி செய்தார்கள். புழு வெண்ணெய் மணத்தைக் கண்டு ஓட ஆரம்பித்தது. விருப்பு வெறுப்பு மணத்தில் இல்லை, அது எந்தக் கம்பியில் ஏறுகிறது என்பதில் இருக்கிறது. சுற்றே நடத்தை என்பவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆனால் இரண்டு சான்றுகளும் ஒரே சாயல் கொண்டவை என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டிலும் பாதை குட்டை: உணர்வி, இடையில் ஒன்றிரண்டு அடுக்கு, தசை. விடையும் போ அல்லது விலகு என்ற அளவில் முடிந்துவிடுகிறது. இந்த எல்லையைத் தாண்டியதும் படம் மௌனமாகிறது. அந்த மௌனத்துக்குக் குறைந்தது மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, குறி. ஓர் இணைப்பு தூண்டுகிறதா, அடக்குகிறதா என்பது எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் தெரியாது. புழுவின் ஏ.டபிள்யூ.சி. என்ற மணமறியும் நரம்பணு குளுட்டமேட் என்ற வேதிப்பொருளை வெளியிடுகிறது. அதே குளுட்டமேட் ஒரு பக்கத்து நரம்பணுவைத் தூண்டுகிறது, இன்னொன்றை அடக்குகிறது, காரணம் வாங்கும் பக்கத்தில் உள்ள ஏற்பிகள் வேறுவேறு. படத்தில் இரண்டும் ஒரே மாதிரிக் கோடுகள். கூட்டலா கழித்தலா என்று எழுதாத கணக்குக்கு விடை எழுதச் சொல்வது போலத்தான் இது.

இரண்டாவது, நிலை. உணவோடு சேர்ந்து உப்பைக் கண்டு பழகிய புழு உப்பை நாடிப் போகும். அதே உப்போடு பட்டினி கிடந்த புழு, சில மணி நேரத்துக்குள் உப்பைவிட்டு விலகக் கற்றுக்கொள்கிறது. விடை தலைகீழானது; ஆனால் பாதையெங்கும் புதுக் கம்பி இழுத்தா அது நடந்தது? பசியின் செய்தி இன்சுலினை ஒத்த வேதிச் சமிக்ஞைகளாகவும் வந்து சேர்கிறது. படத்தில் அதற்குக் கோடு இல்லை. பைரவிக்கும் மாஞ்சிக்கும் சுரங்களை மட்டும் தாளில் எழுதிக் கொடுத்தால் இரண்டையும் பிரித்தறிவது சிரமம். பிடியிலும் அசைவிலும்தான் ராகம் பிரிகிறது. நரம்புச் சுற்றிலும் சுரக்குறிப்பு வேறு, பாட்டு வேறு.

இதை மிக முழுமையாகக் காட்டியது புழு அல்ல, நண்டு. நண்டின் இரைப்பைக்குள் பற்கள் உண்டு. விழுங்கியதை அங்கேதான் அரைக்கும். அந்த அரைவையையும் வடிகட்டலையும் நடத்துவது சுமார் 30 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சு. அதை உடலிலிருந்து எடுத்துக் கிண்ணத்தில் வைத்தாலும் தன் தாளத்தைத் தட்டிக்கொண்டிருக்கும். அதன் இணைப்புகள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்டன. ஈவ் மார்டரும் அவர் வழிவந்தவர்களும் கண்டது இது: மேலே வெவ்வேறு வேதிப்பொருளைச் சொட்டச் சொட்ட அதே 30 அணுக்கள் வெவ்வேறு தாளங்களைத் தருகின்றன, ஒரு தாளத்துக்குரிய நரம்பணு இன்னொரு தாளத்துக்குக் கட்சி மாறுவதும் உண்டு. ஒரு சுற்றுக்குப் பல நடத்தைகள். மறுபுறம், 2004இல் அவர் குழு இந்தச் சுற்றின் எளிய மாதிரியை இரண்டு கோடிக்கும் மேற்பட்ட விதமாக அளவுகளை மாற்றிக் கணினியில் ஓட்டியது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் அந்தச் சுற்றின் இயல்பான தாளத்தை ஒத்த தாளத்தைத் தந்தன. ஒரு நடத்தைக்குப் பல அமைப்புகள். இரண்டையும் சேர்த்துப் படித்தால், சுற்றிலிருந்து நடத்தையையும் உறுதியாகச் சொல்ல முடியாது, நடத்தையிலிருந்து சுற்றின் அளவுகளையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மூன்றாவது காரணம், படத்துக்கு வெளியே ஓடும் செய்தி. 2023இல் ஆண்ட்ரூ லீஃபரின் குழு புழுவின் நரம்பணுக்களை ஒவ்வொன்றாக ஒளியால் தூண்டி, மற்றவை எப்படிப் பதிலளிக்கின்றன என்று அளந்தது. வரைபடத்தைக் கொண்டு கணித்ததும் அளந்ததும் பல இடங்களில் பொருந்தவில்லை. நேரடி இணைப்பே இல்லாத நரம்பணுக்களுக்கும் செய்தி போனது. சிறு புரதத் துணுக்குகள் சினாப்ஸைத் தாண்டிப் பரவி அதைச் சேர்த்தன. கம்பியில்லாத் தந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உடல் இயக்கம் என்று வந்துவிட்டால் நரம்பணுவின் ஏகபோகமே கேள்விக்குள்ளாகிறது. புழுவின் தொண்டைக்கென்று தனியாக 20 நரம்பணுக்கள் உண்டு. 1989இல் லியோன் ஏவரியும் ராபர்ட் ஹார்விட்ஸும் அந்த இருபதையும் லேசரால் அழித்தார்கள். தொண்டை இரையை இழுப்பதை நிறுத்தவில்லை. வேகம் குறைந்ததே தவிரத் துடிப்பு நிற்கவில்லை. தாளம் தசைக்குச் சொந்தம். நரம்பு அதன் வேகத்தையும் நேரத்தையும் திருத்துகிறது. நரம்புதான் உடலை ஆள்கிறது என்று எல்லா இடத்திலும் ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது.

ஓர் எதிர்வாதத்தை நேர்மையாகக் கேட்டாக வேண்டும். 2024இல் பழ ஈயின் முழு மூளை படமானது: 139,255 நரம்பணுக்கள், ஐந்து கோடிக்கும் மேல் சினாப்ஸ். அந்த இணைப்புகளை வைத்து ஒரு குழு மிக எளிய கணினி மாதிரி கட்டியது. இனிப்பை உணரும் நரம்பணுக்களைத் தூண்டினால் உறிஞ்சுகுழலை நீட்டுவதற்கு எவையெவை விழிக்கும் என்று அது ஊகித்தது. உயிருள்ள ஈயில் சோதித்தபோது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. வரைபடக் கட்சிக்கு இது பெரிய வெற்றி. ஆனால் எதனால் வென்றது? எந்த நரம்பணு தூண்டும், எது அடக்கும் என்ற குறியையும் இணைப்போடு சேர்த்துக்கொண்டதால். எந்த நடத்தையில் வென்றது? இனிப்பு பட்டால் குழல் நீட்டுவது போன்ற, குட்டைப் பாதை நடத்தையில். அந்த மாதிரி ஈக்குப் பசி கிடையாது, வயிறு நிறைவதும் கிடையாது. எதிர்வாதம் நான் போட்ட எல்லைக்கோட்டை அழிக்கவில்லை; அது எங்கே ஓடுகிறது என்பதை இன்னும் தெளிவாக்குகிறது.

சுட்டு அழித்துக் கண்டறியும் முறைக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. எரிக் ஜோனஸும் கான்ராட் கோர்டிங்கும் 2017இல் பழைய 6502 கணினிச் சில்லு ஒன்றை மூளையாகப் பாவித்தார்கள். அதில் 3,510 டிரான்சிஸ்டர்கள். இணைப்பு முழுதும் தெரியும். ஒவ்வொன்றாக நீக்கி, எந்த வீடியோ விளையாட்டு நின்றுபோகிறது என்று பார்த்தார்கள். ஒரே ஒரு விளையாட்டுக்கு மட்டும் தேவைப்பட்ட டிரான்சிஸ்டர்கள் கிடைத்தன. அவற்றில் டாங்கி காங் என்ற விளையாட்டுக்கு உரியவற்றை 'டாங்கி காங் டிரான்சிஸ்டர்' என்றால் எந்தப் பொறியாளரும் சிரிப்பார். இன்றியமையாதது எல்லாம் காரணம் ஆகிவிடாது. புழுவின் தொடுசுற்று இந்தப் பொறியில் விழாததற்குக் காரணம், அங்கே அழிப்பும் வரைபடமும் ஒன்றையொன்று சரிபார்த்தன என்பதே. தனித்தனியே இருந்திருந்தால் இரண்டும் சந்தேகத்துக்குரியவையாகவே இருந்திருக்கும்.

இப்போது தீர்ப்பைச் சொல்லலாம்.

1986இன் கட்டுரை, வரைபடம் என்ற வகையில், முழு மதிப்பெண் பெறுகிறது. இங்கே அதற்கு எதிராகச் சொன்னவற்றில் பெரும்பாலானவை அதன் தோளில் ஏறி நின்று சொன்னவைதான். இணைப்பு எது என்று தெரிந்திராவிட்டால், இணைப்பில்லாமல் போன செய்தியை லீஃபர் குழு எப்படி அடையாளம் கண்டிருக்கும்? சினாப்ஸ் வழியாக எது நடக்கக்கூடும், எது நடக்கவே முடியாது என்ற வேலியை வரைபடம் போடுகிறது. வேலிக்குள் இன்றைக்கு எது நடக்கும் என்பதைப் பசியும் பட்டினியும் அனுபவமும் தீர்மானிக்கின்றன. ஆகவே 'ஒரு புழுவின் மனம்' என்ற குறுந்தலைப்பை ஏற்க முடியாது. 'ஒரு புழுவுக்கு என்னென்ன இயலும்' என்று இருந்திருந்தால் ஒரு சொல்லும் மாற்ற வேண்டியிருக்காது.

இந்தத் தீர்ப்பு பழைய கட்டுரையோடு நிற்பதல்ல. இனி வரும் மூளைப் படங்களிடமும் நான்கு கேள்வி கேட்கலாம். எத்தனை உயிர்களிலிருந்து எடுத்தது? கோடுகளுக்குக் குறி உண்டா? வேதிப்பொருள்களின் பட்டியல் கூடவே வருகிறதா? சீவுவதற்கு முன் அந்த மூளை வேலை செய்வதை யாராவது பார்த்தார்களா? 2025இல் வெளியான சுண்டெலி ஆய்வு கடைசிக் கேள்விக்கு ஆம் என்கிறது. பார்வைப் புறணியில் ஒரு கன மில்லிமீட்டர். சுமார் 50 கோடி சினாப்ஸ். உயிரோடு இருந்தபோது சுண்டெலிக்குக் காட்சிகளைக் காட்டி நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவுசெய்து, அதன் பிறகே சீவினார்கள். முதல் கேள்விக்கு அதன் விடை ஒன்றுதான்: ஓர் எலி. சரியான திசை, ஆனால் பாதி வழி.

சந்தேகம் இருப்பவர்கள் அந்தக் குச்சியிடமே திரும்பலாம். புழுவை ஒரு தடவை தொட்டுவிட்டு நிறுத்தாமல், திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டே இருங்கள். சில நிமிடங்களுக்குள் அதன் பின்வாங்கல் குறைந்துகொண்டே வரும். அதே ஆறு உணர்விகள், அதே கட்டளை நரம்பணுக்கள், நாம் பெயர் சொல்லி விளக்கிய அதே பாதை. 340 பக்கத்தில் எந்தக் கோட்டைப் பார்த்து, பத்தாவது தொடுகைக்குப் புழு எவ்வளவு நகரும் என்று சொல்வீர்கள்?