பணக்கொடை

அகதி முகாம்களில் மாதாமாதம் கொடுக்கும் உதவித்தொகைக்கு அரசாங்கக் கோப்புகளில் பணக்கொடை என்று பெயர். எம்.ஏ. தமிழ் வகுப்பில் கொடை என்றால் பாரி, அதியமான். பாடிப் பரிசில் வாங்கிய பாணன் எந்தத் தெருவுக்குத் திரும்பிப் போனான் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. அகதிகளுக்கு நாம் செய்யும் உதவியை இந்தச் சொல்லிலிருந்துதான் விமர்சிக்க வேண்டியிருக்கிறது.

செம்மண்டலத்திலிருந்து குறிஞ்சிப்பாடி முகாம் ரொம்ப தூரமில்லை. அதைத் தாண்டினால் வடலூர். 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அங்கே இன்னும் எரிகிறது. சோறு போடுறதுல நம்ம பக்கத்துக்குக் குறைச்சல் கிடையாது. பக்கத்தில் உட்கார வைப்பதில்தான் தகராறு.

முகாமில் ஒரு பெரியம்மா சொன்னார்: "அங்க எங்கள கள்ளத்தோணின்னாங்க தம்பி. இங்க அகதிங்கிறாங்க. எங்க பாட்டன் கப்பலேறிப் போனதே இந்தச் சீமையிலேர்ந்துதான்." எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

கங்காணிகள் தேயிலைக் காட்டுக்கு ஓட்டிப்போன கூட்டத்தில் பெரும்பங்கு நம்ம சேரிச் சனங்கள். 1948இல் இலங்கைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. ஆடுமாடு மாதிரி தலையை எண்ணிப் பிரித்த ஒப்பந்தம் அது. வராமல் தங்கிப்போனவர்களில் பலர் 1983 கலவரத்துக்குப் பிறகு அகதியாக வந்தார்கள். திருச்சி கொட்டப்பட்டு, மண்டையூர் முகாம்களின் 65 பேர் தொடுத்த வழக்கில், குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொல்லி 2019 ஜூனில் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை என்ற பேரே இல்லை.

உதவி என்று சொல்லத்தக்கது எதுவும் நடக்கவில்லையா? நடந்தது. செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் வேலை செய்தவர்கள் அகதிகளேதான். முகாம்களில் மாலைப் பள்ளி நடத்தினார்கள். ராஜீவ் கொலைக்குப் பின் 1991இல் அகதி மாணவர்களுக்குக் கல்லூரிக் கதவு மூடப்பட்டது, 1996இல்தான் திறந்தது. அந்த இடைவெளியில் ஒரு தலைமுறை பெயிண்ட் டப்பாவைத் தூக்கியது. வாங்குறவன் கையே கொடுக்கிற கையாகவும் இருந்தபோது உதவிக்குக் கொடை என்ற வாடை இல்லை. இதை அம்பேத்கர் பேரில் இரவுப் பள்ளி நடத்துகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாய்த் திட்டங்களை அறிவித்தது. அதில் 7,469 வீடுகள் அடக்கம். குடும்பத் தலைவருக்கான பணக்கொடை ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறானது. வரவேற்கிறேன். பத்துக்குப் பத்து அறையில் மூன்று தலைமுறை படுத்துறங்கிய கொடுமை எனக்குத் தெரியும். அகதி முகாம் அப்போதே மறுவாழ்வு முகாம் ஆனது. 2025இல் காலனி என்ற சொல்லையும் ஆவணங்களிலிருந்து நீக்குவதாகச் சொன்னார்கள். பேரை மாற்றலாம். ஊருக்கு வெளியே வீடு கட்டுகிற புத்தி அப்படியேதானே இருக்கிறது?

இனி நம் எழுத்து. மேடைக் கவிதைகளுக்குத் தொப்புள்கொடி உறவு போதும். அந்தக் கொடியில் சாதி ஓடுவதைப் பார்க்க அவற்றுக்குக் கண் கிடையாது. யாழ்ப்பாணத்துச் சாதியை 'பஞ்சமர்' நாவலில் திறந்து காட்டிய கே. டேனியல் 1986இல் இறந்தது நம்ம தஞ்சாவூரில். அவரைப் படித்தும் நமக்கு உறைக்கவில்லை. தொ. பத்தினாதனின் 'போரின் மறுபக்கம்' 2007இல் வந்தது. அது நன்றி சொல்லி எழுதிய புத்தகம் இல்லை. நம்ம இதழ்கள் அதை எத்தனை பக்கம் பேசின? அகதியைத் தமிழ்த் தேசியக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு நாம் இட ஒதுக்கீடு பேசிக்கொண்டிருந்தோம். தேயிலைக் காட்டிலிருந்து திரும்பிய பறையனும் பள்ளனும் சக்கிலியனும் நம் கணக்கிலேயே வரவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெரியம்மாவின் பேரன் இங்கேயே பிறந்தவன், பட்டதாரி. 1987 ஜூலைக்குப் பின் பிறந்தவன் குடிமகனாக வேண்டுமென்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அவனுக்கு ஓட்டு இல்லை, அரசு வேலை இல்லை. சிதம்பரத்தில் நடக்கப்போகும் நம் கூட்டத்தின் நோட்டீசைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டுக் கேட்டான்:

"வர்றேண்ணே. இதுல எங்களப் பத்தி எந்த எடத்துல இருக்கு?"