நீளமுடிக் குழந்தைகளுக்கான சிலிக்கோன் நீச்சல் தொப்பி

நீளமான முடிக்கென்று விற்கப்படும் குழந்தைகளின் சிலிக்கோன் நீச்சல் தொப்பி, உள்ளே தண்ணீர் விடாது என்ற உறுதியோடு கடைக்கு வருகிறது. வாரக்கணக்கில் நீச்சல் வகுப்புக்குப் போட்டுப் பழகினாலும் அந்த உறுதி நிறைவேறுவதில்லை. வகுப்பு முடிந்து கழற்றும்போது பிடரியும் காதோரமும் சொதசொதவென்றே இருக்கும். அப்படியிருந்தும் இது வாங்க வேண்டிய பொருள். அது காக்கும் விதம்தான் அட்டையில் சொல்லப்படும் விதத்திலிருந்து வேறுபட்டது.

குளத்து நீரில் பொதுவாக லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் இருக்கும். கிருமிகளைக் கொல்லும் அதன் ஆக்சிஜனேற்ற வேகம் முடியையும் விடுவதில்லை. முடியின் மேற்பரப்பில் ஓட்டு வரிசைபோல் படிந்திருக்கும் செதில்களுக்கு மேல் மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. முதலில் அது கரைகிறது. பிறகு கெரட்டின் புரதத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் கந்தகப் பிணைப்புகள் உடைகின்றன. முடி சொரசொரத்து, சிக்கு விழுந்து, நுனி பிளக்கும். நிறமியும் வெளுத்துச் செம்பட்டை ஏறும். திறந்தவெளிக் குளமானால் வெயிலும் அதற்குத் துணை. பொன்னிற முடி குளத்தில் பச்சையாவதற்கு மட்டும் குளோரின் நேரடிக் காரணமன்று. பாசிக்கொல்லியிலிருந்தோ குழாயிலிருந்தோ நீரில் கலக்கும் செம்பு அதைச் செய்கிறது. கருமுடியில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். 40 செ.மீ. நீளமுள்ள சடையின் நுனிக்கு வயது மூன்றைத் தாண்டியிருக்கும். தோலைப்போல் அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாது. எனவே அந்தக் காலத்தில் குழந்தை போன ஒவ்வொரு நீச்சல் வகுப்பின் பாதிப்பும் நுனியில் சேர்ந்துகொண்டே வரும். ஒட்ட வெட்டிய தலைக்கு இந்தக் கவலை இல்லை. குளத்தின் விதி கட்டாயப்படுத்தினாலொழிய அதற்குத் தொப்பியே தேவையில்லை. கெட்ட முடி அடுத்த முடிவெட்டில் போய்விடும். சடை போடும் பிள்ளைக்குத்தான் தொப்பி முக்கியம். அந்தச் சடையைத்தான் பெரும்பாலான தொப்பிகள் கணக்கில் எடுப்பதில்லை.

துணித் தொப்பி போட எளிது, ஆனால் நீர் அதனூடே தடையின்றிப் போய்வரும். லேடெக்ஸ் மெல்லியது, முடியைப் பிடித்து இழுக்கும், சீக்கிரம் கிழியும், சில குழந்தைகளுக்கு ஒவ்வாமையும் தரும். முடிக்காக என்றால் சிலிக்கோன் மட்டுமே பரிசீலிக்கத் தக்கது.

சிலிக்கோனிலும் கசிவு தொடங்கும் இடம் பிடரி. மண்டை எலும்பு முடிந்து கழுத்து தொடங்கும் பள்ளத்தில் விளிம்பு சரியாகப் படியாது. மூச்செடுக்கத் தலையைத் திருப்பும்போதெல்லாம் அந்த இடம் கொஞ்சம் வாய் திறக்கும். விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பூனைமுடிகள் வழியாகவும் நீர் உள்ளே ஏறும். இறுக்கமான தொப்பி வாங்கினால் சரியாகிவிடும் என்று எண்ணுவது வீண். நெற்றியில் சிவந்த தடம் விழும், தலை வலிக்கும், பிறகு பிள்ளை தொப்பியைக் கண்டாலே அழும். கொண்டையைப் பந்துபோல் உயர்த்திக் கட்டுவதும் தவறு. அது தொப்பியை மேலே தூக்க, பின்விளிம்பு பிடரியைவிட்டு ஏறிவிடும். சடையைத் தளர்வாகப் பின்னி, உச்சிக்குச் சற்றுப் பின்னால் தட்டையாகச் சுற்றி, உலோகமில்லாத ரப்பர் பேண்டால் நிறுத்துவதே நல்லது. குழந்தை முன்விளிம்பை நெற்றியில் இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொள்ள, பெரியவர் பின்பக்கத்தை இழுத்து இறக்க வேண்டும். நகம் பட்டால் கிழியும்.

அடர்ந்த முடிக்கு இடம்விட்டுத் தொப்பி செய்வது அண்மைக்காலம்வரை பெரிய நிறுவனங்களுக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை. பிரிட்டனின் சோல் கேப் நிறுவனம் அப்படியொரு தொப்பியைச் செய்தபோது, தலையின் இயல்பான வடிவத்துக்கு அது பொருந்தவில்லை என்று சொல்லி 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு முன் சர்வதேச நீச்சல் சம்மேளனம் அனுமதி மறுத்தது. 2022இல் அனுமதித்தது. பின்பகுதி ஆழமாக உள்ள அத்தகைய அமைப்புதான் நம் பிள்ளைகளின் சடைக்கும் வேண்டும். வண்ணமும் மீன் படமும் பார்த்து வாங்குவதைவிட, பின்பக்கத்து ஆழத்தைப் பார்த்து வாங்குவது மேல்.

கசிவை நிறுத்த முடியாது. அதன் கேட்டைக் குறைக்க முடியும். முடி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை நீரை உறிஞ்சக்கூடியது. உலர்ந்த தலையோடு இறங்கினால் உறிஞ்சப்படுவது குளத்து நீர். ஷவரில் நல்ல தண்ணீரால் தலையை நன்றாக நனைத்து, அதன்மேல் தொப்பியை மாட்டினால் குளத்து நீருக்கு இடம் குறைவு. உள்ளே புகும் கொஞ்ச நீரும் அங்கேயே தங்கி, முன்பே இருக்கும் நல்ல நீரோடு கலந்து நீர்த்துப்போகும். அதிலுள்ள குளோரினும் செலவாகிவிடும். தொப்பியில்லாத தலையைப் புதுப்புது குளோரின் ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டத்தைத் தடுப்பதுதான் தொப்பியின் உண்மையான பயன். காய்ந்த தலையில் மாட்டிவிட்டு முடி கெடுகிறதே என்று வருந்தும் பெற்றோருக்கு தலையை நனைத்து மாட்டுங்கள் என்ற ஒரு வரியை அட்டையில் அச்சிட்டுத் தந்திருக்கலாம்.

தேங்காய் எண்ணெய்க்கும் இங்கே இடமுண்டு. ரேலே, மொஹிலே ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், தேங்காய் எண்ணெய் முடியின் புரத இழப்பைக் குறைத்தது. சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அப்படிக் குறைக்கவில்லை. தேங்காய் எண்ணெயிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள் புகக்கூடியது. ஆனால் தலை வழிய எண்ணெய் வைத்தால் சிலிக்கோன் வழுக்கிக் கழன்றுவிடும், லேடெக்ஸ் நைந்துபோகும், குளத்து வடிகட்டியிலும் பிசுக்குப் படியும். எண்ணெய் கூடாது என்று குளங்களில் சொல்வது இதனால்தான். முதல்நாள் இரவே சடையின் கீழ்ப்பாதியில் மட்டும் சில சொட்டுகள் தடவுவது போதும். விளிம்பு படியும் நெற்றியிலும் பிடரியிலும் எண்ணெய் படாமல் இருக்கட்டும்.

கரையேறியதும் தொப்பியைக் கழற்றித் தலையை உடனே நல்ல நீரில் அலச வேண்டும்; வீடு போய்ச் சேரும்வரை தள்ளிப்போட்டால் காப்பாற்றியதில் பாதி போய்விடும். வைட்டமின் சி குளோரினைச் செயலிழக்கச் செய்யும் என்பதால், அது சேர்ந்த நீச்சல் ஷாம்பூ வாரத்தில் பல நாள் நீந்தும் பிள்ளைக்கு உதவும். பேனைக் குளோரின் கொல்லாது. ஆகவே அக்கா தங்கைக்கும் தனித்தனித் தொப்பியே வேண்டும். தொப்பியை அலசி, உட்புறத்தையும் துடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். பிடரி விளிம்பு தொளதொளத்து, விரலால் இழுத்துவிட்டாலும் பழைய அளவுக்குச் சுருங்க மறுத்தால் புதிது வாங்கிவிடலாம்.