பறக்கும் தட்டுக்குப் பித்தளை பீட்டே போதும்

இதாக்கா 37 பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1937-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வந்த பம்ப் ஷாட்கன். தோட்டா கீழிருந்து ஏறும், காலிக் கூடும் கீழேயே விழும்; இடக்கைக்காரர்களுக்கு இதைவிட இதமான துப்பாக்கி அரிது. என்னிடம் இருப்பது பழையது. குழல் நுனியில் குறிபார்க்க இருந்த ரேபார் பீட், அந்தச் செம்மஞ்சள் பிளாஸ்டிக் குச்சி, வெளிறி நொறுங்கிவிட்டது. அதற்குப் பதிலாகப் பச்சை ஃபைபர் (ஒளியிழை) பீட் ஒன்றைப் பொருத்தி, பறக்கும் தட்டுகளைச் சுடும் டிராப் மைதானத்தில் சில வாரங்கள் சுட்டுப் பார்த்தேன்.

வெளிச்சத்தில் குறை சொல்ல முடியாது. மேகம் கவிந்த மாலையிலும் பளிச்சென்று தெரிகிறது. எனக்குத் தொல்லையே அந்தப் பளிச்சுதான். ஷாட்கன் சுடும்போது கண் முழுக்கப் பறக்கும் தட்டின் மேல் இருக்க வேண்டும். பீட் மங்கலாகக் கண்ணில் பட்டால் போதும். இந்தப் பச்சைப் புள்ளியோ பார்வையைப் பிடித்து இழுக்கிறது. கண் பீட்டுக்கு வந்த மறுகணம் குழலின் வீச்சு நின்றுவிடும், ரவைகள் தட்டுக்குப் பின்னால் போகும். சிவப்பு வாங்கினால் இன்னும் மோசம்: செம்மஞ்சள் தட்டோடு கலந்துவிடும்.

அடுத்த எரிச்சல் பீட் வந்த பெட்டி. எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று அச்சடித்து, அளவு எழுதாத திருகுகளை ஒரே பையில் கொட்டிக் கொடுக்கிறார்கள். அமெரிக்கத் துப்பாக்கிகளிலேயே 3-56, 5-40, 6-48 என்று மரை பலவிதம். ஐரோப்பியவற்றில் 3 மி.மீ. வேறு. 5-40 திருகின் விட்டம் ஏறக்குறைய 3.2 மி.மீ. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். தவறான திருகும் ஓரிரு சுற்று சாதுவாக ஏறும், பிறகு இறுகும். அங்கே முறுக்கினால் மரை போச்சு. வெர்னியரால் அளக்காமல் திருகைத் தொடவே கூடாது. வரிசை எண் 8,55,000-க்கு முந்தைய இதாக்காக்களில் ஒவ்வொரு குழலும் அந்தந்தத் துப்பாக்கிக்கென்றே பொருத்தப்பட்டது. மரை கெட்டால் வேறு குழல் வாங்கி அப்படியே மாட்டிக்கொள்ளலாம் என்ற வசதி கிடையாது.

ரிப் (குழலின் மேல் ஓடும் பட்டை) இல்லாத குழலில் பீட்டின் துளை உள்பக்கம் வரை போகும். திருகின் முனை மயிரிழை நீண்டிருந்தாலும் ரவை அதில் உரசும். தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, குழலைக் கழற்றி, வாய்ப்பக்கமாகப் பஞ்சை விட்டு இழுத்துப் பாருங்கள். ஒரு நூல் சிக்கினாலும் திருகைக் கழற்றி முனையை அரத்தால் ராவ வேண்டும். கடைசியில் மரையில் திருகைப் பூட்டும் நீலப் பசை ஒரு சொட்டு. இல்லையேல் சுடும் அதிர்ச்சியில் திருகு தளர்ந்துவிடும்.

வான்கோழி வேட்டைக்காரர்கள் இந்தப் பச்சை பீட்டைத் தாராளமாக வாங்கலாம். நிற்கும் பறவையை ரைஃபிள் போலக் குறிபார்த்துச் சுடுபவர்கள் அவர்கள். விடியற்காலை அரையிருட்டில் அது கைகொடுக்கும். என் இதாக்காவில் இப்போது இருப்பது சாதாரணப் பித்தளை பீட்.