பழுது பார்த்தல்

ஈயம் பூசுகிறவர் எங்கள் பித்தளைக் குண்டானை வாங்கியதும் செய்த முதல் வேலை, அதை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்து உள்ளே பார்த்ததுதான். காலை வெயில் சரிவாக இறங்கி அடிவரை போயிற்று. கொஞ்சம் திருப்பினார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். சுண்டுவிரல் நகத்தால் ஓரிடத்தைச் சுரண்டிவிட்டு அம்மாவிடம் கேட்டார்: “வெறும் பாத்திரத்துல எதையோ வறுத்திருக்கீங்களேம்மா. சேமியாவா?”

சேமியாதான். அம்மாவைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாத விஷயம் அது. குண்டானின் அடியில் ஈயம் கடுகளவு முத்துகளாகத் திரண்டு உறைந்திருந்தது. வெள்ளீயம் 232 டிகிரி சூட்டில் உருகிவிடும். உள்ளே குழம்போ ரசமோ கொதிக்கிறவரை பாத்திரம் அந்தச் சூட்டை எட்டாது. வெறுமனே அடுப்பில் ஏற்றி மறந்தால் பூச்சு உருகி ஓடி, ஆறும்போது இப்படி முத்து கட்டும். அந்த முத்துகளிலிருந்து அவர் சேமியாவுக்குப் போய்விட்டார். பக்கவாட்டில் பிறை பிறையாக இருந்த கீறல்களையும் காட்டி, “இரும்புக் கரண்டிய விட்டுட்டு மரத்துடுப்பு போடுங்கம்மா” என்றார். அதன் பிறகுதான் கரியைக் கொட்டி அடுப்பு மூட்டினார்.

பழுது பார்க்கப்படும் என்றுதான் நம் ஊர்க் கடைகளில் பலகை எழுதி மாட்டுகிறார்கள். சைக்கிள் பழுது பார்க்கப்படும், கடிகாரம் பழுது பார்க்கப்படும். வைத்தியம் பார்க்கிறோம், பிரசவம் பார்க்கிறோம், பழுதும் பார்க்கிறோம். சரிசெய்வது, ஒட்டுவது, தைப்பது எல்லாவற்றையும் அந்தப் ‘பார்’ என்ற சொல்லுக்குள் வைத்த மொழி இது. இந்தக் கைவேலைக்காரர்கள் எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் போய்க் குந்திவிடுகிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. கை தேர்ந்தவர் யார் என்பது அவர் கருவிப்பையை அவிழ்க்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். பொருளை வாங்கிய கையோடு வேலையைத் தொடங்குகிறவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஈயம் பூசுவதை முழுசாகப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. தரையில் ஒரு குழி, அதில் கரி, காற்றுக்குத் துருத்தி. பாத்திரத்தின் உட்புறத்தை மணலும் புளியும் போட்டுத் தேய்த்து, பச்சைப் பித்தளை தெரியும்வரை கொண்டுவருகிறார். இடுக்கியால் பிடித்துத் தணலில் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறார். பித்தளையின் நிறம் லேசாக மாறுகிற நேரம் ஒன்று இருக்கிறது. அந்த நேரத்தில் நவச்சாரப் பொடியை ஒரு சிட்டிகை தூவுகிறார். குப்பென்று வெள்ளைப் புகை எழுந்து மூக்கையும் கண்ணையும் கரிக்கும். பித்தளை மேல் படிந்த ஆக்சைடுப் படலத்தை அந்த நவச்சாரம் தின்றுவிடுகிறது. மறு நொடி ஈயக் குச்சியை ஒரு தொடு தொடுகிறார், பஞ்சால் ஒரு இழு இழுக்கிறார். அடியில் தொடங்கிய வெள்ளி, கையோடு சுழன்று ஏறி, வாய்விளிம்பு வரை வந்து நின்றுவிடும். மஞ்சள் பாத்திரத்துக்குள் நிலா உதித்த மாதிரி இருக்கும். இதெல்லாம் சில விநாடிகள்தான். பஞ்சு ஒரு நொடி தாமதித்தால் ஈயம் அடியில் குளமாகத் தேங்கும், அவசரப்பட்டால் பித்தளை திட்டுத் திட்டாகத் தெரியும்.

பூச்சு கனமாக இருந்தால்தான் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. உள்ளே பஞ்சு போன தடம் ஒரே சுழியாக, அறுபடாமல் தெரிய வேண்டும். மெல்லிய பூச்சு, முழுப் பூச்சு, அதுதான் கை. பித்தளையில் இருக்கிற செம்பைப் புளியும் மோரும் தொடாதபடி, களிம்பு ஏறாதபடி காப்பதற்கு அந்த மெல்லிசே போதும்.

எங்கள் ஈயக்காரர் என்னைக் கிட்டே கூப்பிட்டு இன்னொன்றும் காட்டினார். ஈயக் குச்சியை என் காதருகே வைத்து வளைத்தார். நொறுநொறுவென்று மெல்லிய சத்தம், காய்ந்த சருகை மிதித்த மாதிரி. “வெள்ளீயம்னா பேசும். காரீயம் பேசாது” என்றார். தமிழில் ஈயம் என்ற ஒரே பெயரில் இரண்டு உலோகங்கள் திரிகின்றன. வெள்ளீயம் சமையலுக்கு ஆகும், காரீயம் உடம்புக்கு விஷம். வெள்ளீயத்தை வளைக்கும்போது அதன் உள்ளே இருக்கிற படிகங்கள் பிறழ்ந்து அப்படி ஒலிக்கின்றன. அவருக்குப் படிகம் தெரியாது, ஆனால் காது தெரியும்.

அந்தப் பூச்சு நிலைக்காது. கரண்டி தேய்க்கும், புளி தேய்க்கும், சில மாதத்தில் மறுபடி அவர் வர வேண்டும். தேய்வதற்கென்றே பூசுகிற பூச்சு அது. பித்தளை தேயக் கூடாது என்பதற்காக ஈயம் தேய்கிறது. பாட்டி காலத்துக் குண்டான் இன்றைக்கும் எங்கள் அடுப்பில் இருக்கிறது என்றால், இதுவரை எத்தனை பூச்சுகள் அதற்காகக் கரைந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பேன்.

அம்மி கொத்துவது இதற்கு நேர் எதிரான வேலை. ஈயக்காரர் மழமழப்பைக் கொண்டுவருகிறார், அம்மி கொத்துகிறவர் மழமழப்பை எடுக்கிறார். அரைத்து அரைத்துக் கல் வழுக்கத் தொடங்கிவிட்டால் மிளகாய் குழவிக்கு அடியிலிருந்து நழுவும், தேங்காய் மசியாமல் எண்ணெய் விடும். உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து வரிசை வரிசையாகப் புள்ளி வைக்கிறார்கள். நல்ல கொத்து கோலப்புள்ளி மாதிரி இருக்கும். ஆழம் ஒன்றுபோல, இடைவெளி ஒன்றுபோல. ஆழம் கூடினால் மசாலா புள்ளிக்குள் தங்கிப் புளித்துப்போகும், குறைந்தால் ஒரு மாதத்தில் மறுபடி வழுக்கும். கொத்தி முடித்த அம்மியில் உடனே சட்னி அரைக்க மாட்டார்கள். உமியோ ஊறவைத்த அரிசியோ போட்டு அரைத்து, கல்மாவு போகிறவரை எடுத்துக் கொட்டுவார்கள். “அம்மி கொத்தலையோ” என்ற குரல் தெருவில் அருகிவிட்டது. மிக்ஸி வாங்கிய வீடுகளில் அம்மிக்கு வேலை இல்லை, அதனால் அவருக்கும் இல்லை.

பழுது பார்க்க இன்னும் குடைக் கம்பி, பெட்டிப் பூட்டு, செருப்பு வார், குக்கர் கைப்பிடி, பழம்புடவை தூளியாகிப் பிறகு பிடிதுணியாவது எல்லாம் உண்டு. எல்லாவற்றிலும் புத்தி இருக்கிறது. ஆனால் என்னை மணிக்கணக்கில் நிற்கவைத்தது துணி.

எலி கடித்த பட்டுப்புடவை ஒன்று, அத்தையுடையது, மயில்கழுத்து நிறம். டார்னிங் செய்கிற ஒரு அம்மாளிடம் கொண்டுபோனோம். கால் ரூபாய் அளவு ஓட்டை. அவர் ஓட்டையைக் கொஞ்சம்தான் பார்த்தார், புடவையைத்தான் நிறைய நேரம் பார்த்தார். ஜன்னலருகே கொண்டுபோய் மடிப்பை ஏற்றி இறக்கி, நிறம் நீலத்திலிருந்து பச்சைக்குப் புரள்வதைக் கவனித்தார். மயில்கழுத்தில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். பச்சையும் நீலமும் கலந்த ஒரே நூலை வாங்கி அடைத்தால் நின்ற இடத்தில் பார்க்கச் சரியாக இருக்கும், கட்டிக்கொண்டு நடந்தால் அந்த இடம் மட்டும் புரளாது. செத்த கண் மாதிரி அப்படியே நிற்கும்.

அதனால் புடவையின் உள்தலைப்பிலிருந்தே, இடுப்பில் செருகி மறைந்துபோகிற பகுதியிலிருந்தே, பாவு இழையையும் ஊடை இழையையும் தனித்தனியாக உருவினார். ஓட்டையைத் தாண்டி நல்ல துணிக்குள்ளிருந்து தொடங்கி, முதலில் பாவின் திசையில் இழைகளை ஓட்டினார். பிறகு ஊடையை அவற்றின் மேலும் கீழுமாக ஒன்று விட்டு ஒன்று கோத்தார். திரும்புகிற இடத்தில் இழையை இறுக்காமல் குட்டி வளையமாக விட்டார். நனைந்து சுருங்கினால் துணியைப் பிடித்து இழுக்காமல் இருக்க அது. ஊசியும் இழையும் வைத்துக்கொண்டு நகத்தளவு தறி ஒன்றை அந்த இடத்தில் போட்டார் என்றே சொல்ல வேண்டும். முடித்ததும் அத்தையைப் பார்த்து, “தோள்ல போட்டு நாலு அடி நடங்க” என்றார். அத்தை நடந்தாள். நீலம் பச்சையாயிற்று, பச்சை நீலமாயிற்று. எந்த இடம் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை, விரலால் தடவித்தான் கண்டுபிடித்தார்.

வடக்கே உத்தரப் பிரதேசத்தின் நஜீபாபாத்தில் தலைமுறை தலைமுறையாக இதே வேலையைச் செய்கிற ரஃபூகர்கள் இருக்கிறார்கள். காஷ்மீர் சால்வைகளுக்கு அவர்கள் வைத்தியர்கள். வங்காளத்துப் பெண்கள் பழம்புடவைகளை அடுக்கிக் காந்தா தைத்தபோது, கரையிலிருந்து உருவிய நூலைத்தான் தையலுக்கு எடுத்தார்கள். ஒரு துணியின் பழுதுக்கு மருந்து அந்தத் துணிக்குள்ளேயே இருக்கிறது என்று பார்த்த கண்கள் இவை.

பழுதை மறைப்பதே கலை என்று நான் சொல்ல வரவில்லை. ஜப்பானியர்களின் கின்ட்சுகியில் உடைந்த கிண்ணத்தின் விரிசல் பொன்கோடாக ஓடுகிறது. அந்தப் பொன்னைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது பொன்னுக்கு அடியில் இருக்கிற உருஷி என்ற மரப்பால். உருஷி மரம் நம் மா, முந்திரி, சேங்கொட்டையின் குடும்பம். அதன் பால் தோலில் பட்டால் முந்திரிக்கொட்டைப் பால் பட்டது மாதிரி கொப்பளிக்கும். அதைக் கோதுமை மாவோடு குழைத்து உடைந்த துண்டுகளை ஒட்டுகிறார்கள். பல பசைகள் ஈரம் போனால் இறுகும், உருஷி ஈரம் இருந்தால்தான் இறுகும். அதனால் கிண்ணத்தை ஈரப்பெட்டிக்குள் வைத்து நாள்கணக்கில் காத்திருக்கிறார்கள். பள்ளத்தை நிரப்பி மறுபடி காத்திருப்பு, தேய்த்து மறுபடி காத்திருப்பு. வாரங்கள் கழித்துக் கடைசி அரக்குக் கோடு காய்வதற்குள் தூவுகிறதுதான் பொன்பொடி.

டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் பொன்னே இல்லாத ஒரு கிண்ணம் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் சீனத்து லோங்சுவான் பச்சைப் பீங்கான். விரிசல் விட்டதும் ஷோகன் அஷிகாகா யோஷிமசா அதைச் சீனாவுக்கு அனுப்பி, இதேபோல் வேறொன்று வேண்டும் என்று கேட்டாராம். இனி இப்படி ஒன்று செய்ய முடியாது என்று, விரிசலை இரும்புக் கவ்விகளால் தைத்துத் திருப்பி அனுப்பினார்களாம். 1727இல் ஜப்பானிய அறிஞர் இட்டோ டோகாய் எழுதிவைத்த கதை இது. கவ்விகள் வெட்டுக்கிளி மாதிரி உட்கார்ந்திருப்பதால் அதையே கிண்ணத்துக்குப் பெயராக்கிவிட்டார்கள். முழுசாக இருந்தபோது இருந்த மதிப்பைவிட இரும்பு ஏறிய பிறகு அதற்கு மதிப்புக் கூடிற்று. பனித்துளி மாதிரி பச்சை, அதன் மேல் முரட்டு இரும்பு. தைத்தவருக்கு எவ்வளவு தைரியம்!

நான் பார்த்ததிலேயே மிகச் சிறந்த பழுது பார்ப்பவருக்குக் கண் தெரியாது.

அப்பாவின் நாற்காலிப் பிரம்பு அறுந்துபோனபோது அவரை ஒரு பையன் கையைப் பிடித்து அழைத்துவந்தான். பார்வையற்றோர் பள்ளிகளில் நாற்காலி பின்னுவது தொழிலாகவே கற்றுத்தரப்பட்ட காலம் உண்டு. அப்படிச் சிறுவயதில் கற்றுக்கொண்டவர் இவர். அரசு அலுவலக நாற்காலிகள் எத்தனையோ அவர் கைவழியாகப் போயிருந்தன. திண்ணையில் உட்கார்ந்து நாற்காலியைக் கவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டார். சட்டத்தின் துளைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். அறுந்த பிரம்பு முனைகளைக் கட்டைவிரலால் நெருடிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றார். “பெரியவர் இடது காலை மடிச்சுப் போட்டு உக்கார்றவரோ?” என்றார். முன்பக்கத்தின் இடது ஓரத்தில் பட்டைகள் அறுபட்டிருக்கவில்லை, குதிகால் பட்டுத் தேய்ந்து தேய்ந்து இற்றிருந்தன. அதை விரல் சொல்லியிருக்கிறது.

பிரம்பு என்பது பனைக் குடும்பத்துக் கொடி. அதன் தோலைச் சீவி எடுத்த பட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பளபளப்பான பக்கம் மேலே வரும்படி பின்ன வேண்டும். முதலில் நெடுக்கே, அதன் மேல் குறுக்கே, மறுபடி நெடுக்கே, மறுபடி குறுக்கே. துளைகளில் சின்னச் சின்ன மர ஆப்புகள் பட்டையைப் பிடித்துக்கொள்ளும். இதுவரை யாரும் செய்துவிடலாம். அடுத்து வருகிற இரண்டு மூலைவிட்டங்களில்தான் விஷயம் இருக்கிறது. ஒன்று நெடுக்கு ஜோடிக்கு மேலும் குறுக்கு ஜோடிக்குக் கீழும் போக வேண்டும், மற்றது அதற்கு மறுதலையாக. முறை சரியாக இருந்தால் இழுக்கும்போது பட்டை வழுக்கிக்கொண்டு போய் முடிச்சின் இடுக்கில் தானாக உட்காரும். தப்பினால் விளிம்பில் இடறும். பார்க்கிறவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் இடறிய பட்டை ஒவ்வொரு முறை உட்காரும்போதும் உரசி, சீக்கிரமே அறும்.

அவர் இழுத்து நிறுத்தி, விரலைத் தலைசாய்த்துக் கவனிக்கிற மாதிரி ஒரு கணம் இருப்பார். சில இடங்களில் நான்கைந்து துளை பின்னால் போய்ப் பிரித்துக் கட்டினார். ஓட்டை ஓட்டையாக எட்டுப்பக்க வலை விரல்களுக்கு அடியில் வளர்ந்துகொண்டே போயிற்று. ஒயர் போட்டுவிட்டால் சீக்கிரம் முடியுமே என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். “ஒயர் நாளாக நாளாகத் தொய்யும் சார். இது காயக் காய இறுகும்” என்றார் அவர், கையை நிறுத்தாமல். இடது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தடித்த பட்டையாகத் தேடி எடுத்துப் போட்டதை நான் கவனித்தேன். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை வந்தார். இரவெல்லாம் காய்ந்திருந்த பின்னலை நகத்தால் சுண்டினார். கணீரென்றது. நடுவில் சுண்டினார், நான்கு ஓரத்திலும் சுண்டினார். ஒரே ஒலி. உள்ளங்கையை ஒருமுறை முழுக்க ஓட்டிவிட்டு, “பெரியவரைக் கூப்பிடுங்க” என்றார்.

அப்பா வந்து உட்கார்ந்தார். புதுப் பிரம்பு கிறீச்சிட்டு அடங்கியது. பிறகு, வழக்கம்போல, அவருக்கே தெரியாமல், காலைத் தூக்கி மடித்தார். ஓரத்தில் மெல்ல இன்னொரு கிறீச். வாசலில் நின்றவர் அந்தச் சத்தத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தார். “அதே கால்தான்” என்றார்.