உளவியல் செய்முறைகளும் ஆய்வு முறையியலும்: வகுப்பறைச் சோதனை குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

1879-இல் இலைப்சிக் நகரில் வில்லெம் வுண்ட் நிறுவிய ஆய்வுக்கூடம் உளவியலைச் சோதனை அறிவியலாக நிலைநிறுத்தியது. இந்தியாவில் 1916-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் நரேந்திரநாத் சென்குப்தா தலைமையில் சோதனை உளவியல் துறை தொடங்கப்பெற்றது. அம்மரபின் எளிய வடிவமே கல்வியியல் வகுப்புகளில் இடம்பெறும் உளவியல் செய்முறைகள். ஆசிரியப் பயிற்சி பெறுவோர் பலர் ஆய்வு முறையியலை முதன்முதலில் சந்திக்கும் இடமும் இதுவே. இச்செய்முறைகள் ஆய்வு முறையைக் கற்பிக்கின்றனவா, கருவியைக் கையாளும் முறையை மட்டும் கற்பிக்கின்றனவா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கண்ணாடி வரைதல் சோதனையின் குறை

கற்றல் மாற்றத்தை விளக்கக் கண்ணாடி வரைதல் சோதனை நெடுங்காலமாகப் பயன்படுகிறது. பயில்வோர் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் நோக்கி, விண்மீன் வடிவத்தை முதலில் இடக்கையால் வரைவர். பின்னர் வலக்கையால் பலமுறை பயில்வர். இறுதியில் மீண்டும் இடக்கையால் வரைவர். நேரமும் பிழைகளும் குறைந்தால், வலக்கைப் பயிற்சி இடக்கைக்கு மாறியது எனப் பதிவேட்டில் எழுதுவர்.

இம்முடிவு தருக்கத்திற்குப் பொருந்துவதன்று. முதல்முறை வரைந்ததே இடக்கைக்கு ஒரு பயிற்சியாகும். வலக்கைப் பயிற்சி இல்லாதிருந்தாலும் இரண்டாம் முறையில் பிழை குறைந்திருக்கலாம். இவ்விரு காரணங்களையும் பிரித்தறியக் கட்டுப்பாட்டுக் குழு தேவை. நாற்பது பேர் கொண்ட வகுப்பைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவினர் வலக்கையால் பயிலும் நேரத்தில் மற்றவர் ஓய்ந்திருக்கச் செய்தால் போதும். இரு குழுக்களின் முன்னேற்றத்திற்கும் இடையிலான வேறுபாடே கற்றல் மாற்றத்திற்குச் சான்றாகும்.

முழம் என்னும் சோதனைப் பொருள்

கருவிகள் இல்லை என்பது செய்முறையைக் கைவிடக் காரணமாகாது. மல்லிகைப் பூச்சந்தைக்குப் பெயர்பெற்ற சங்கரன்கோவிலில் தொடுத்த பூவை முழம் போட்டு அளப்பது அன்றாடக் காட்சி. நூற்கண்டு, கண்கட்டும் துணி, அளவுகோல் ஆகியவற்றைக் கொண்டே அங்கு ஒரு சோதனையை நிகழ்த்தலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு 45 செ.மீ. நூலை வெட்டுமாறு அனைவரையும் பணிக்கலாம். குலுக்கலில் அமைந்த ஒரு குழுவினருக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் பிழையின் அளவைச் சொல்ல வேண்டும். இறுதித் தேர்வில் எவருக்கும் அதனைச் சொல்லலாகாது. தார்ண்டைக் கோடு வரையச் செய்து ஆராய்ந்த பின்னூட்டச் சிக்கலின் எளிய வடிவம் இது. பின்னூட்டம் சாரா மாறி, பிழையின் அளவு சார்ந்த மாறி என்பவை அப்போது வரையறைகளாக நின்றுவிடாமல் அனுபவமாகின்றன.

இதனையொட்டி மற்றொரு வினாவும் எழும். பூத்தொடுப்போரையும் மாணவரையும் ஒப்பிட்டால் அது சோதனையாகுமா? ஆகாது. பூத்தொடுக்கும் தேர்ச்சியைக் குலுக்கலில் எவருக்கும் வழங்க இயலாது. வயது, கைந்நீளம், தொழிலனுபவம் அனைத்தும் அவ்வேறுபாட்டில் கலந்திருக்கும். ஒப்பீட்டிற்கும் சோதனைக்கும் உள்ள எல்லை இங்குத் தெளிவாகிறது.

எதிர்பார்த்த முடிவும் மதிப்பெண்ணும்

சிறு வகுப்பில் குலுக்கல்கூடச் சமமற்ற குழுக்களைத் தரக்கூடும். கருதுகோளை முன்னரே அறிந்தவர் அதற்கேற்ப நடந்துகொள்ளவும் கூடும். எனவே சில வேளைகளில் எதிர்பார்த்த வேறுபாடு கிட்டாது. பாடநூல் முடிவோடு ஒத்த பதிவேட்டிற்கே மதிப்பெண் எனில், மாணவர் எண்களைத் திருத்தக் கற்பார். கிட்டாத முடிவை நேர்மையாக எழுதி அதன் காரணத்தை ஆராய்பவருக்கே முழு மதிப்பெண் உரியது.

முடிவுரை

இக்குறை செய்முறை வகுப்போடு முடிவதன்று. புதிய கற்பித்தல் முறைக்கு முன்னும் பின்னும் தேர்வு வைத்து, மதிப்பெண் உயர்ந்ததால் முறை வென்றது என உரைக்கும் செயலாய்விலும் அதே பிழை உள்ளது. அம்முறை இல்லாதிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்னும் வினாவைக் கேட்கப் பழகாத ஆசிரியர், பயனற்ற முறையையும் ஆண்டுக்கணக்கில் மாணவர்மீது செலுத்த நேரும். கருவிகளைப் பெருக்குவதினும் அவ்வினாவை எழுப்பும் வகுப்பறையை உருவாக்குவதே முதன்மையான பணியாகும்.