142 அடியும் ஒரு பொத்தானும்: பெரியாறு பற்றிய இணையச் சொல்லாடல்

முல்லைப் பெரியாறு அணையில் தண்ணீர் 142 அடியைத் தொடுகிறது என்கிற ஒற்றை வரி, மலைக்குக் கிழக்கே ஒரு பிரதி. மேற்கே வேறொரு பிரதி. கம்பத்துச் சம்சாரியின் கைப்பேசியில் அது இரண்டாம் போகத்துக்கான உத்தரவாதம். வண்டிப்பெரியாற்றுக்காரரின் கைப்பேசியில் அது தூக்கத்தைக் கெடுக்கிற எச்சரிக்கை. எண் ஒன்றுதான், வாசகர்கள்தான் வேறு என்று சொல்லி நாம் நிறுத்திக்கொள்ள முடியாது. அந்த எண்ணை யார் கண்ணில், எதோடு சேர்த்து, எந்த நேரத்தில் வைப்பது என்று தீர்மானிக்கிற மூன்றாவது ஆள் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு அணையும் தெரியாது, வயலும் தெரியாது. அவனை 'இடைமுகம்' என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். முகம் என்ற சொல்லே ஒரு ஏமாற்று. எல்லோர் முகத்தையும் பார்க்கிற அவன் தன் முகத்தைக் காட்டுவதில்லை.

பயத்தை இணையம் பெற்றுப்போடவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1886இல் 999 ஆண்டுக் குத்தகை, 1895இல் அணை. 1979 ஆகஸ்டில் குஜராத்தின் மோர்பியில் மச்சு அணை உடைந்த பிறகு கேரளப் பத்திரிகைகளில் கிளம்பிய அச்சத்தின் பின்னணியில்தான் நீர்மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டது. 142 வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006லும் 2014லும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இதெல்லாம் அச்சும் அரசியலும் சேர்ந்து செய்த வேலை. 2011 டிசம்பரில் பள்ளத்தாக்கு ஜனம் பல்லாயிரக்கணக்கில் குமுளியை நோக்கி நடந்தபோது பெரும்பாலோர் கையில் இருந்தது சாதாரணப் பட்டன் போன். அதே டிசம்பரில்தான் இடுக்கி ஏலத்தோட்டங்களிலிருந்து தமிழ்க் கூலிகள் விரட்டப்பட்டுக் காட்டுப்பாதை வழியாக இறங்கி வந்தார்கள். ஆகவே 'முன்னால எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு, வாட்ஸ்அப் வந்துதான் கெடுத்துச்சு' என்கிற புலம்பலுக்கு இங்கே இடமில்லை.

அப்படியானால் என்னதான் மாறியது? 2021 அக்டோபரைப் பார்க்கலாம். அணையை மூடு என்ற கோரிக்கையே ஹேஷ்டேக்காக ட்விட்டரில் ஓடியது. 125 வயதான அணை இயங்கக்கூடாது என்று நடிகர் பிருத்விராஜ் பதிவிட்டார். தேனியில் அவருடைய உருவபொம்மை எரிந்தது. எரித்ததைப் படம்பிடித்தார்கள், அந்தப் படம் மலையேறிப் போய் அடுத்த சுற்றுப் பயத்துக்குச் சாட்சியானது. 2011இல் வெறுப்பு நடந்து போக வேண்டியிருந்தது. சுமார் பத்தாண்டில் அதற்குக் கால் தேவையில்லாமல் போயிற்று.

இங்கே இயந்திரத்தின் நுண் அரசியலைக் கவனிக்க வேண்டும். ஃபேஸ்புக் 2017இல் ஒரு லைக்குக்கு ஒரு மதிப்பெண் என்றால் கோபமுகத்துக்கு ஐந்து என்று கணக்கு வைத்திருந்த செய்தி, தற்செயலாக, அதே 2021 அக்டோபரில்தான் பத்திரிகைகளில் வெளியானது. 2020லேயே கோபத்தின் மதிப்பைச் சுழியமாக்கிவிட்டார்கள் என்பதும் அதே செய்தியில் இருந்தது. கணக்கு மாறியது சரி. ஐந்து மதிப்பெண்ணுக்குப் பழகிய விரல் மாறியதா என்பதுதான் கேள்வி.

இதைவிட முக்கியமானது 'ட்ரெண்ட்' என்கிற தர்க்கம். ஒரு விஷயத்தை மொத்தம் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பதைவிட, திடீரென்று எவ்வளவு வேகத்தில் பேச ஆரம்பிக்கிறார்கள் என்பதைத்தான் அந்தப் பட்டியல் பெரிதும் அளக்கிறது. அதாவது தினமும் நடப்பது ட்ரெண்ட் ஆகாது. விடியுமுன் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஜீப்களில் நெருக்கியடித்துக்கொண்டு, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் தினமும்தான் போகிறார்கள். அவர்களுக்குக் கிழக்கே வீடு, மேற்கே கூலி. தண்ணீர் கிழக்கே வர வேண்டும் என்பதும் அவர்கள் அக்கறை. மேற்கே யாரும் பயப்படாமல் இருக்க வேண்டும் என்பதும் அவர்கள் பிழைப்பு. அணையை மூடு, அணையைக் காப்பாற்று என்ற இரண்டு பொத்தான்களில் அவர்கள் எதை அழுத்துவது? இரண்டுக்கும் நடுவிலுள்ள தன்னிலைக்கு இடைமுகத்தில் பொத்தான் கிடையாது. ஆனால் சண்டை மூண்டால் முதலில் நிற்பது அவர்களுடைய ஜீப்தான்.

இணையம் விளிம்புக்குக் குரல் தந்தது என்று நண்பர்கள் சொல்வார்கள். பொய்யில்லை. கோட்டயத்துப் பத்திரிகைக்குப் பதில் எழுத முன்பு கூடலூர் விவசாயிக்கு வழியில்லை, இப்போது இருக்கிறது. ஆனால் எந்தக் குரல் என்றும் கேட்க வேண்டும். எழுத்து கைவராத தொழிலாளி வாய்ஸ் மெசேஜில் பேசுகிறாள்: "மேட்டுல வண்டிய விடுறாகளா, நாளைக்கு வேலை இருக்கா?" அந்தக் குரலுக்கு ஹேஷ்டேக் இல்லை. தேடினால் அகப்படாது. குரல் இருக்கிறது, எண்ணிக்கையில் வரவில்லை.

இதற்கு எதிர்நிலையில் ஒரு சின்னப் பிரதி பள்ளத்தாக்கில் புழங்குகிறது. அணையின் மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கனஅடி, வெளியேற்றம் இத்தனை, வைகை இவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் வரும் அணை நிலவரம். அதில் உரிச்சொல் இல்லை, வில்லன் இல்லை, யாரும் கோபமுகம் போடுவதில்லை. 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்காரர்கள் "தண்ணி எம்புட்டு?" என்று கேட்டுப் படிப்பது அதைத்தான். அபாயத்தைப் பற்றி நேர்மையாகப் பேசுவதற்கும் அதுதான் தொடக்கம். ஏனென்றால் மேற்கே இருப்பவரின் பயத்தைப் பொய் என்று ஒதுக்க நமக்கும் உரிமையில்லை. அணைக்குக் கீழே குடியிருப்பவர் அவர்.

நம் தரப்பிலும் அன்று பதில் ஹேஷ்டேக்குகள்தான் போட்டோம். தண்ணீர் உரிமை நியாயமானது என்பதால் அதைப் பேசும் வடிவமும் நியாயமாகிவிடாது. எதிரியின் மொழியில் பேசுவது பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். இங்கே இரு தரப்புக்கும் மொழியைக் கொடுத்தது எதிரிகூட அல்ல, விளம்பரம் விற்கிற கம்பெனி. அடுத்த மழையில் மட்டம் மீண்டும் 142ஐ நெருங்கும். அப்போது பகிர்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மறுநாள் காலை அந்த ஜீப் மேட்டைத் தாண்டுமா?